மெத்தைக்காரர் வண்டிக்கு வயர் மாற்றிய கதை

மெத்தைக்காரர் தன்னுடைய பழைய பிக்கப் வண்டியின் பிரேக்கை மிதித்தால், நான்கு கிலோமீட்டர் தள்ளி அவர் வீட்டுச் சமையலறையில் பல்பு எரியும். சுவிட்சைப் போட வேண்டியதில்லை. காலை எடுத்தால் அணைந்துவிடும். கல்யாணமான மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு இது ஆரம்பித்தது. மின்சார அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து பார்த்தார். பல்பு எரியும்போது மீட்டர் ஓடவில்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, மீட்டர் ஓடாத விஷயத்தில் தங்கள் அலுவலகம் தலையிடுவதில்லை என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அந்த வருடம்தான் பஞ்சு விலை ஏறி ஸ்பாஞ்சு மெத்தை வந்தது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

மெத்தைக்காரர் பேசாத மனிதர். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசுவார், அதில் இரண்டு ‘ம்’ ஆக இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள் அவரோடு முக்கால் மணி நேரம் பேசியதாக அவர் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த முக்கால் மணி நேரமும் தான் மட்டும்தான் பேசியிருக்கிறோம் என்பது பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். மெத்தைகளை ஏற்றிக்கொண்டு அவர் ஊரெல்லாம் சுற்ற, பல்பு வழியாக அவருடைய பேச்சு வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு நீண்ட வெளிச்சம் என்றால் பாலத்தடியில் நெரிசல். இரண்டு சின்ன மினுக்கல் என்றால் வந்துகொண்டிருக்கிறேன். விட்டுவிட்டு ஐந்து முறை என்றால் வெயில் தாங்கவில்லை. வரவர அவள் இதைவிட நுட்பமான விஷயங்களையும் படிக்கக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது மாடிக்கு இரட்டைக் கட்டில் மெத்தையைத் தூக்கிப் போன அலுப்பு, வாங்கியவர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்ற வருத்தம், வழியில் கல்லூரிப் பெண் ஒருத்தி நம் பெண்ணைப் போலவே நடந்து போனாள் என்ற சேதி எல்லாம் அந்த நாற்பது வாட் பல்பில் வந்தன. ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர் இருந்ததால் சமையலறை பகலிலும் மங்கலாகத்தான் இருக்கும். பல்பு நன்றாகத் தெரியும். விடுதியில் தங்கிப் படித்த மகள் தொலைபேசியில் அப்பாவைக் கேட்டால், “ஒரு நிமிஷம் இரு, பல்பப் பாத்துச் சொல்றேன்” என்பாள் அம்மா.

வண்டியின் வயது மெத்தைக்காரர் மனைவியின் வயதைவிட இரண்டு அதிகம். அதன் வயர்கள் எல்லாமே பழுப்பு நிறம். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்த ஊரில் முன்பு ஒரு கேபிள் தொழிற்சாலை இருந்தது. அதை மூடியபோது கடைசி மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதிலாக ஆளுக்கு எட்டு உருளை வயர் கொடுத்தார்கள். கிடங்கில் மிச்சமிருந்தது பழுப்பு மட்டும்தான். அன்று முதல் அந்த ஊரில் துணிக்கொடி, தக்காளிச் செடிக்குக் கட்டிய கயிறு, மூக்குக் கண்ணாடிக் காது உட்பட எல்லாம் பழுப்பு வயர். பட்டறைத் தெருவில் இன்னொரு பழக்கமும் இருந்தது. பழைய வயரை யாரும் உருவ மாட்டார்கள். ஒரு வயர் செத்துப்போனால் அதை அப்படியே படுக்க விட்டு, பக்கத்திலேயே புதிதாக ஒன்றை ஓட்டிவிடுவார்கள். செத்த வயர் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறதோ யாருக்குத் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். இப்படி ஐந்து எலக்ட்ரீஷியன்கள் ஐம்பது வருடமாக ஓட்டியதில், வண்டியின் பானெட்டுக்குள் ஓடிய வயர்க்கட்டு ஒரு பெரிய ஆளின் தொடை அளவுக்கு வந்திருந்தது. இரண்டே ஃபியூஸ், இரண்டிலும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஒரு முறை ஆடும். மழையில் இது வசதியாகவே இருந்தது.

கல்யாணமாகி இருபத்திரண்டாவது வருடம் வண்டியின் தகுதிச் சோதனைக்குப் போனபோது புதிதாக வந்திருந்த அதிகாரி பானெட்டைத் திறந்து பார்த்தார். பிறகு மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதுல எது எங்க போகுது?” என்று கேட்டார். மெத்தைக்காரர் “ம்” என்றார். அதிகாரி முப்பது நாள் அவகாசம் எழுதிக் கொடுத்தார். வயர் முழுவதையும் உருவிவிட்டு, விளக்குக்கு ஒரு நிறம், ஹாரனுக்கு ஒரு நிறம் என்று புதிதாகப் போட்டுக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பழைய இரும்புக்குப் போகும்.

இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மெத்தைக்காரரின் மனைவிக்கு வேலை ஓடவில்லை. புது வண்டி வாங்கிவிடலாமா என்று ஒரு வாகன விற்பனையகத்துக்குப் போய், பிரேக்கை மிதித்தால் வீட்டில் பல்பு எரியுமா என்று நேராகவே கேட்டாள். கழுத்தில் டை கட்டியிருந்த விற்பனையாளர் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த வசதி அடுத்த வருட மாடலில் வரக்கூடும் என்று சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து தங்கைக்கு போன் செய்தாள்.

தங்கையைக் குடும்பத்தில் சின்னவள் என்பார்கள், பட்டறைத் தெருவில் ஷாக்கு என்பார்கள். அவளிடம் அனாவசியமாகப் பேச்சுக் கொடுத்த யாரும் இரண்டாவது முறை கொடுத்ததில்லை என்பதால் வந்த பெயர் அது. வாகன எலக்ட்ரீஷியன். ஒரு முனையில் கூர்மையான கம்பியும் மறு முனையில் குட்டி பல்பும் உள்ள டெஸ்ட் லேம்பை, மற்றப் பெண்கள் சங்கிலி போடுவதுபோலக் கழுத்தில் போட்டிருப்பாள். தெருவிலேயே பழைய வயரை உருவிப் போடும் ஒரே ஆள் அவள்தான். இதனால் மற்றப் பட்டறைக்காரர்களுக்கு அவள்மேல் கொஞ்சம் பயமும் உண்டு.

வண்டி அவள் பட்டறைக்கு வந்து நின்றதும் அவள் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பத்து நிமிடம் கழித்து வெளியே எடுத்தாள்.

“மாமா, இது வயரிங் இல்ல, குருவிக்கூடு. உள்ள முட்ட ஏதும் இருக்கான்னு பாத்துட்டுதான் கை வைக்கணும்.”

“ம்.”

“ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடுது. எர்த் போற எடம் எல்லாம் துரு. கரண்டு திரும்பிப் போக வழியில்லாம கெடச்ச வயர்ல எல்லாம் புகுந்து ஓடுது. எத்தன வருஷமா இப்படி ஓட்டுறீங்க?”

மெத்தைக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, பிறகு இன்னொரு முறையும் விரித்து, கடைசியில் இரண்டு விரலை நீட்டினார்.

“வாயத் தொறந்து இருபத்திரண்டுன்னு சொன்னா என்ன, ஃபியூஸ் போயிருமா?”

வேலை ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். துணி மடிப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு சொன்னாள்.

“இங்க பாருடி. இந்த வீட்டுல ரெண்டு ஆளு இருக்காங்க. ஒருத்தரு சாயங்காலம் வந்து எனக்கு எதுக்க உக்காந்து சாப்பிடுவாரு. நான் ஒரு மணி நேரம் பேசுவேன், அவரு தட்டப் பாத்துட்டு இருப்பாரு. இன்னொருத்தரு வண்டியில போறாரு. அந்த ஆளு எங்கிட்ட எல்லாத்தையும் சொல்றாரு. இருபத்திரண்டு வருஷமா நான் அந்த ஆளோடதான் குடித்தனம் நடத்துறேன். நீ வயரோட சேத்து அவரக் கழட்டிப் போட்டுறாத.”

சின்னவள் சிரிக்கவில்லை. அந்த ஒரு வயரை மட்டும் கண்டுபிடித்து, அதிகாரி கண்ணில் படாத மாதிரி உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். வாக்குக் கொடுத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எண்ணிப் பார்த்ததில் ஐம்பத்தெட்டு வயர்கள் இருந்தன. ஐம்பத்தெட்டும் பழுப்பு.

ஆகவே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மறுநாள் காலை டீக்குப் பிறகு மெத்தைக்காரர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அக்கா வீட்டுச் சமையலறையில் பல்புக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டாள். சின்னவள் ஒரு வயரைக் கழற்றுவாள், மாமாவைப் பார்த்துத் தலையாட்டுவாள், அவர் பிரேக்கை மிதிப்பார், அக்கா பல்பைப் பார்த்துச் சொல்வாள், வயர் திரும்ப மாட்டப்பட்டு அதன்மேல் எண் ஒட்டப்படும். முதல் ஆறு வயர்களில் குறிப்பாக எதுவும் நடக்கவில்லை. ஏழாவதைக் கழற்றியபோது, காலையிலிருந்து தன்னையறியாமல் முனகிக்கொண்டிருந்த பாட்டு அக்காவுக்குப் பாதியில் மறந்துபோனது. மாட்டியதும் விட்ட அடியிலிருந்து வந்தது. பன்னிரண்டாவதைக் கழற்றியதும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரின் ரேடியோ நின்றது.

“அக்கா, எரியுதா?”

“எரியுதுடி. ஆனா ரேடியோ நின்னு போச்சு.”

“எந்த ரேடியோ?”

“வாத்தியாரு வீட்டுது. விடிகாலைலருந்து உயிர எடுத்துட்டு இருந்துச்சு. நீ அந்த வயர அப்படியே வெளிய விட்டுரேன், நல்லாருப்ப.”

“அடுத்தவங்க ரேடியோல எல்லாம் நான் கை வைக்க மாட்டேன்.” என்று சொல்லி அவள் பன்னிரண்டாவதைத் திரும்ப மாட்டினாள்.

இருபத்தாறாவது, சொட்டிக்கொண்டிருந்த குழாயை நிறுத்தியது. முப்பத்தொன்றாவது, தெருமுனைச் சலவைக் கடையில் தேய்ப்புப்பெட்டியின் சூட்டைக் கூட்டியது. ஒரு சட்டைக் காலர் கருகியதாகப் பின்னால் புகார் வந்தது. நாற்பத்து நான்கைக் கழற்றிய சில நொடிகளுக்கு அக்காவின் கொண்டை தானாகவே நெகிழ்ந்தது. ஆனால் ஐம்பத்தெட்டில் எதைக் கழற்றினாலும், மெத்தைக்காரர் காலை வைத்ததும் சமையலறைப் பல்பு மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் எரிந்தது. சின்னவள் பேட்டரியையே கழற்றிக் கீழே வைத்தாள். எரிந்தது. பிரேக் பெடலுக்கு மேலே இருந்த சுவிட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அப்போதும் எரிந்தது. பெடலையே கழற்றினாள். மெத்தைக்காரர் வெறும் தகரத்தில் காலை அமுக்கினார், அக்கா போனில், “இப்ப பளிச்சுனு எரியுதே, என்னடி பண்ணுன?” என்று கேட்டாள்.

சின்னவள் கழற்றிய பெடலைக் கீழே வைத்தாள். பிறகு, “மாமா, கீழ எறங்குங்க. டீ வந்திருக்கு” என்றாள்.

மெத்தைக்காரர் இறங்கி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து டீயைக் குடித்தார். வண்டி ஆறடி தள்ளி, இதயத்தைக் கழற்றி வெளியே வைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளருக்குள் பார்த்தார். அவருடைய வலது கால் செருப்போடு தரையை ஒருமுறை நீளமாகவும் இரண்டு முறை சின்னதாகவும் அழுத்தியது.

“அடியே,” என்றாள் அக்கா போனில். “டீயில சக்கர பத்தலன்னு சொல்றாருடி.”

வீட்டுப் பல்புக்குப் போகும் வயர் என்று வண்டியில் எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அப்படி ஒரு வயர் இருந்ததும் இல்லை. நின்றுகொண்டு கட்டில் மெத்தை தூக்குகிற நேரம் போக, அவர் உட்கார்ந்து காலை ஊன்றிய இடத்திலிருந்தெல்லாம் அந்தப் பல்பு எரிந்திருக்கிறது. வெளியே இருக்கும்போது அவர் உட்காருவது வண்டியில் மட்டும்தான் என்பதால் எல்லோரும் வண்டியைச் சந்தேகித்துவிட்டார்கள். சின்னவள் இதைப் போனில் அக்காவுக்குச் சொல்லி முடித்தாள்.

“அக்கா, கேக்குதா?”

“அப்போ சாயங்காலம் சாப்பிடும்போது பல்பு மினுக்கு மினுக்குனு மினுக்குமே...” என்றாள் அக்கா.

போன் துண்டிக்கப்பட்டது. நாற்பது நிமிடத்தில் அவள் பஸ் பிடித்துப் பட்டறைத் தெருவுக்கு வந்து இறங்கினாள். கையில் கரண்டி இருந்தது. அதை வைத்துவிட்டு வர மறந்திருந்தாள். நேராக மரப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். எதிர்ப் பட்டறைகளில் சுத்தியல் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது.

“ஆறு தடவ ஹோல்டர் மாத்தியிருக்கேன்,” என்றாள். “லூஸ் கனெக்சன்னு நெனச்சு ஆறு தடவ. கரண்டு ஆபீஸுக்கு ரெண்டு மனு எழுதிப் போட்டேன். தெனம் சாயங்காலம் எனக்கு எதுக்க உக்காந்து மேசைக்கு அடியில கால வச்சுப் பேசிட்டே இருந்திருக்கீங்க. நான் மேல பாத்து பல்பத் திட்டிட்டு இருந்திருக்கேன். ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

மெத்தைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சொல்லிட்டுதான் இருந்தேன்,” என்றார். “நீதான் பதிலே சொல்லல.”

அவர் ஒரே நேரத்தில் அவ்வளவு வார்த்தைகள் பேசியதைக் கேட்டவர்கள் என்று பட்டறைத் தெருவில் ஏழு பேர் இருந்தார்கள். பின்னால் அந்த எண்ணிக்கை முப்பது வரை போனது. அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் பேசாத ஒருவரோடு இருபத்திரண்டு வருடம் வாழ்ந்துவிட்டதாக அவள் தன்மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தாள். அவரோ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லாத ஒருத்தியோடு இருபத்திரண்டு வருடம் ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் வாழ்ந்துவிட்டிருக்கிறார். அவள் மரப்பெட்டியின் மிச்ச இடத்தில் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் கால் தரையை மெதுவாக அழுத்தியது. அவள் பல்பைத் தேடி அண்ணாந்து பார்த்தாள். பட்டறையின் தகரக் கூரைதான் தெரிந்தது.

“இப்ப என்ன சொன்னீங்க?”

அவர் வெட்கப்பட்டு வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி பல்புக்கு அடியில உக்காந்து பேசுங்க,” என்றாள் சின்னவள். “எனக்கு வேல இருக்கு.”

கழற்றக் கூடாத வயர் எதுவும் இல்லை என்று தெரிந்ததால் சின்னவள் கை கூசாமல் வேலை பார்த்தாள். பதினோரு நாள் ஆனது. இருக்கை, டேஷ்போர்டு, கதவுத் தகடு எல்லாம் வெளியே வந்தன. ஐம்பத்தெட்டு வயர்களையும் அவள் உருவி எடுத்து எடை போட்டபோது ஒரு கன்றுக்குட்டியின் எடை இருந்தது. அவற்றின் பாரம் இறங்கியதும் வண்டியின் முன்பக்கம் இரண்டு விரல் அளவு உயர்ந்து, தூங்கி எழுந்தது போல ஒரு சத்தம் போட்டது. துருப்பிடித்த இடங்களை எல்லாம் வெள்ளை உலோகம் தெரிகிற வரை தேய்த்து, எர்த் வயரை அங்கே இறுக்கினாள். எட்டு ஃபியூஸ் கொண்ட பெட்டி வைத்தாள். முன்விளக்குக்கு நீலம், சிக்னலுக்குப் பச்சை, ஹாரனுக்கு மஞ்சள், பிரேக்குக்குச் சிவப்பு என்று அளந்து வெட்டி, முனைகளை அமுக்கி, உறைக்குள் செலுத்தி, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கட்டுப் போட்டாள். கடைசியில் வயர்க்கட்டு ஒரு சுண்டுவிரல் கனத்துக்கு மேல் இல்லை. வாத்தியாரின் ரேடியோ நிரந்தரமாக நின்றுவிட்டது. அவர் ஒரு வாரம் முனகிவிட்டு முன்னதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கினார். அக்காவுக்குப் பழைய பாட்டு வரவில்லை. வேறொன்றை முனகத் தொடங்கினாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இருபத்தொன்பதாவது நாள் அதிகாரி எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்த்தார். ஹாரனை அடித்தார். வைப்பர் ஆடவில்லை. மெத்தைக்காரருக்கு மட்டும் அது ஒரு குறையாகத் தோன்றியது. வண்டி தேறியது.

வீட்டில் இப்போது மாலைச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் நீண்டது. அவள் கேட்பாள், அண்ணாந்து பார்ப்பாள், சிரிப்பாள், மறுபடி கேட்பாள். நாற்பது வாட்டை எடுத்துவிட்டு அறுபது வாட் போட்டாள், எழுத்து தெளிவாகத் தெரிவதற்காக. ஆனால் பகலில் அவளுக்கு மனம் ஆறவில்லை. அவர் பாலத்தடியில் நின்று ஒன்று சொல்கிறார், சந்தை முனையில் நின்று இன்னொன்று கேட்கிறார். இவள் பல்பைப் பார்த்து வாய் நிறையப் பதில் சொல்கிறாள். அது யாருக்குப் போகிறது? “இத்தன நாள் சுவத்துக்குச் சொல்லிட்டு இருந்தேன், இப்பவும் சுவத்துக்குத்தான் சொல்றேன்,” என்று தங்கையிடம் சொல்லிக் குறைப்பட்டாள். போன் செய்யலாம்தான். போனில் அவர் ‘ம்’ என்பார், அதற்கு ஒரு போன் எதற்கு?

ஆறு வாரம் கழித்து வண்டியின் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். மெத்தைக்காரர் நேரான சாலையில், காலை பிரேக்கின் பக்கமே கொண்டுபோகாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் பளிச்சென்று எரியும், அணையும், மூன்று முறை துடிக்கும். பஸ் ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் வந்து ஜன்னல் வழியாக, “யோவ், ஒண்ணு நில்லு, இல்ல போ! நடுவுல எதுக்குய்யா கண்ணடிக்கிற?” என்று கத்தினார். மெத்தைக்காரர் ‘ம்’ என்றார். தன் வண்டியின் பின்விளக்கைத் தானே பார்க்க முடியாது என்பதால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதே நாளில் நான்கு பேர் திட்டியதும் வண்டியைப் பட்டறைக்கு விட்டார்.

சின்னவளுக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. தான் போட்ட வயரில் குறை என்று ஒரு வண்டி திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் ஒவ்வொரு அங்குலமாகச் சோதித்தாள். ஓர் இடத்திலும் பழுதில்லை. மூன்றாம் நாள் மாமாவை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் மெத்தை அடுக்கின்மேல் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி விளக்கைப் பார்த்துக்கொண்டே, எரிந்த நேரங்களை நோட்டில் குறித்துக்கொண்டாள். பத்து இருபதுக்கு இரண்டு முறை. பத்து நாற்பதுக்கு நீளமாக ஒன்று. பதினொன்று ஐந்துக்கு, மாமா பாலத்தடியில் நின்று கிளம்பிய அடுத்த நொடி, படபடவென்று ஏழு. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அங்கேயே போன் போட்டாள்.

“அக்கா, பதினொன்னு அஞ்சுக்கு என்ன பண்ணிட்டு இருந்த?”

“பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்.”

“கையக் கேக்கல. காலு?”

“காலு என்ன... சும்மா தரையில தட்டிட்டு இருந்தேன். அவரு மட்டும்தான் தட்டணுமா?”

“ஏழு தடவ தட்டுன.”

“எண்ணுனியா?”

“என்னன்னு தட்டுன?”

எதிர்ப் பக்கத்தில் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தின்மேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“அதெல்லாம் உனக்கு எதுக்குடி?” என்றாள் அக்கா. “புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்.”

சின்னவள் நோட்டை மூடினாள். இறங்கி முன்பக்கம் வந்து, “மாமா, அக்கா கொஞ்ச நாளா உங்களுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கா. நீங்கதான் பாக்கல. ஊரே பாத்திருக்கு, பஸ் டிரைவர் உட்பட,” என்றாள். மெத்தைக்காரர் என்ஜினை அணைத்தார். பிறகு வண்டியை விட்டு இறங்கி, பின்னால் போய், இரண்டு விளக்குகளுக்கும் எதிரே, சாலையோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். இடது விளக்கு ஒரு முறை எரிந்தது. பிறகு இரண்டும். அவர் முகம் சிவப்பாகத் தெரிந்ததற்கு விளக்கு மட்டும் காரணம் இல்லை என்று சின்னவள் பின்னால் சொன்னாள். வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் அன்று தலையணை போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதமானது.

அதற்கு மேல் செய்ய வேண்டியது சுலபமான வேலை. மறுநாள் சின்னவள் பிரேக் விளக்குக்குப் போகும் சிவப்பு வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, டேஷ்போர்டில் வேகம் காட்டும் முள்ளுக்கு மேலே ஒரு துளை போட்டு, பட்டாணி அளவில் ஒரு விளக்கைப் பதித்தாள். அவரே பிரேக் பிடிக்கும்போதும் அது எரியும்தான். எது தன் கால், எது அவள் கால் என்று அவருக்குத் தெரிந்தது. சமையலறையில் அக்கா தன் பக்கத்துக்கு ஒரு சின்ன முக்காலியும், கால் ஊன்ற ஒரு மரப்பலகையும் போட்டுக்கொண்டாள். விடுமுறைக்கு வந்த மகள், இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் மனுஷன் படிக்க முடியாது என்று சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னால் வரும் வண்டிகளுக்கும் பழகிவிட்டது. மெத்தைக்காரர் வண்டியின் பின்விளக்கு துடித்தால், அவர் நிற்கவில்லை, வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்துகொண்டு கொஞ்சம் இடைவெளி விட்டுப் போனார்கள்.

அடுத்த வருடச் சோதனைக்கு சின்னவளும் கூடப் போனாள். அதிகாரி பானெட்டைத் திறந்து சுண்டுவிரல் கனத்து வயரைப் பார்த்துத் திருப்தியோடு மூடினார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வந்தவர், எதையும் தொடாதபோதும் முள்ளுக்கு மேலே ஒரு விளக்கு துடிப்பதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார்.

“இது என்ன? போன வருஷம் இல்லையே.”

“கூடுதல் விளக்கு சார்,” என்றாள் சின்னவள்.

“எதுக்கு எரியுது?”

அவள் மாமாவைப் பார்த்தாள். மெத்தைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கிறீங்களே, இன்னும் அதிகாரி விடலையான்னு கேக்குறா,” என்றார்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் நகர்ந்து, பெடலுக்குப் பக்கத்தில் இடம் விட்டார். “முடிஞ்சிருச்சுன்னு சொல்லிருங்க,” என்றார். மெத்தைக்காரர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்து, இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு முறை மிதித்தார். அந்தச் சின்ன விளக்கு இரண்டு முறை எரிந்தது, பிறகு ஒரு இடைவெளி விட்டு, யாரும் மிதிக்காமல் ஒரு முறை எரிந்தது. அதிகாரி அது அணையும் வரை காத்திருந்து, படிவத்தில் ‘கூடுதல் விளக்கு: ஒன்று’ என்று எழுதினார். ‘இணைப்பு எங்கிருந்து’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னவளைப் பார்த்தார். “சமையலறை,” என்றாள் அவள். அவர் அப்படியே எழுதி, முத்திரை குத்தி, வரிசையில் அடுத்து நின்ற தண்ணீர் லாரியைக் கூப்பிட்டார்.